காய்ந்த சுருட்டுக்கு ஈரம்

குடும்பத்தார் அனைவரும் படிக்கும் பகுதியிலே சுருட்டைப் பற்றி எழுதுவதா என்று முகஞ் சுளிக்கும் நேயர்கள் சிலர் இருப்பர் என்பதை நாம் அறிவோம். நாம் புகைப்பதில்லை. புகைக்குமாறு எவரையும் தூண்டும் எண்ணமும் எமக்கில்லை. எனினும், காய்ந்து சருகாகிவிட்ட ஒரு கட்டுச் சுருட்டைப் பழைய பதத்துக்குக் கொண்டுவரும் முயற்சியிலே சென்ற மார்கழியில் முழுதாகப் பன்னிரண்டு நாள்களைச் செலவிட்டோம். எதற்காகச் செலவிட்டோம் என்று கேட்டபின் சுளித்த முகம் சற்றுத் தளரவுங் கூடும்.

எமது பெரியப்பா ஒரு காலத்தில் தென்னிலங்கைப் பட்டினம் ஒன்றிலே சுருட்டுக்கடை வைத்திருந்தவர். யாழ்ப்பாணத்துப் புகையிலையும் சுருட்டும் தெற்கே சென்று விலைப்பட்ட அந்நாள்களில், சிங்கள ஊர்களின் கடைத்தெருக்களிலே யாழ்ப்பாணத்தாரின் சுருட்டுக்கடையைக் காண்பது அரிதன்று. பெரியப்பாவின் கடை 1983 ஆம் ஆண்டு யூலை மாதத்தோடு இல்லாது போயிற்று. உடுத்த வேட்டியோடு ஊருக்கு வந்தார். சில காலம் தோட்டஞ் செய்தார். 1996 இல் மகனோடு கனடாவுக்குப் போனார். 2014 இல் ஒரே ஒரு முறை ஊருக்கு வந்து திரும்பியபோது, இருபத்தைந்து சுருட்டுக்கள் கொண்ட கட்டு ஒன்றை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போனார்.

மகனின் வீட்டுக்குள்ளே புகைக்கலாகாது என்பது கட்டளை. சிறு பிள்ளைகள் இருக்கும் வீடு. கட்டளையிற் பிழை காண எமக்கு இடமில்லை. கோடை காலத்திலே வீட்டின் பின்புறத்துப் புல்தரையில் கதிரை போட்டு அமர்ந்து பெரியப்பா எட்டுச் சுருட்டுக்களைப் புகைத்து முடித்தாராம். மிகுதிப் பதினேழும் உடுப்பு அலுமாரிக்குள்ளே அவருடைய கம்பளிச் சட்டைகளின் அடியிற் கிடந்தன. அவர் காலமான பின் அலுமாரியை ஒழித்த மகள், எமக்கு அக்கா முறையானவர், அதைக் கண்டெடுத்தார். ஆட்டைத் திவசத்தை ஊரிலே செய்வதென்று தீர்மானித்து வந்தபோது அந்தக் கட்டையும் கையோடு கொண்டுவந்தார். படையலிலே அப்பாவின் சொந்தச் சுருட்டு ஒன்றைப் பற்றவைத்து வைக்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. எங்கள் பக்கத்தில் இறந்தவர் விரும்பிய பண்டங்களைப் படைப்பது வழக்கமென்பதையும், அவற்றுள் வெற்றிலை பாக்கோடு சுருட்டும் இடம்பெறுவதுண்டு என்பதையும் நேயர்கள் அறிவர்.

கட்டை அவிழ்த்தபோது முதலாவது சுருட்டு அவருடைய விரல்களுக்கிடையிலேயே பொடியாயிற்று.

இவ்வளவு காய்ந்தது எப்படி என்று கேட்டால், விடை கனடாவின் பனிக்காலத்தில் உள்ளது. வெளியே உறைபனிக் குளிர். அந்தக் காற்றிலே நீராவி மிகச் சிறிது. அதே காற்றை வீட்டுக்குள்ளே கொண்டுவந்து சூடாக்கும்போது அதன் சாரீரப்பதன் நூற்றுக்கு 30 இற்கும் 20 இற்கும் இறங்கிவிடும். உதடு வெடிக்கும், மரத்தளபாடம் பிளக்கும். புகையிலையோ சுற்றியுள்ள காற்றின் ஈரத்தை வாங்கவும் கொடுக்கவும் வல்லது. காற்று உலர்ந்தால் இலை உலரும். காற்று நனைந்தால் இலை நனையும். சுருட்டு நல்ல பதத்தில் இருப்பதற்குச் சாரீரப்பதன் நூற்றுக்கு 65 இற்கும் 72 இற்கும் இடைப்பட்டதாக இருத்தல் வேண்டும் என்பது சுருட்டைப் பேணுவோர் பொதுவாகக் கொள்ளும் அளவு. எமது குடாநாடோ கடல் சூழ்ந்தது. இங்கே சாதாரண நாளின் காற்றே அவ்வளவுக்குச் சமமாகவோ மேலாகவோ இருக்கும். ஆகவேதான் எங்கள் பாட்டன்மார் குறைச்சுருட்டைக் காதிலும் கூரை இறப்பிலும் செருகி வைத்துவிட்டு, மறுநாள் எடுத்துப் பற்றவைக்க முடிந்தது.

அக்கா எம்மிடம் வருமுன்னரே ஒரு வைத்தியம் செய்து பார்த்துவிட்டார். யாரோ சொன்னார்கள் என்று ஐந்து சுருட்டுக்களை ஈரத் துவாயிலே சுற்றி, மூடியுள்ள பாத்திரத்தில் வைத்திருக்கிறார். மூன்றாம் நாள் திறந்தபோது அவற்றுள் மூன்று நீளவாக்கில் வெடித்திருந்தன. மற்ற இரண்டின் மீதும் வெண்பூஞ்சணம் படர்ந்திருந்தது. முதலில் உதிர்ந்தது ஒன்று, இவை ஐந்து; பதினேழிலே பதினொன்று எஞ்சின. அவற்றைக் கடுதாசிப் பெட்டி ஒன்றிலே கொண்டுவந்து எமது மேசைமேல் வைத்து, “தம்பி, நீ படிப்பிக்கிற ஆள். இதையாவது காப்பாற்றித் தா. திவசத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் கிடக்கு” என்றார். பெட்டியைத் திறந்ததும் அந்துருண்டை மணம் மூக்கில் ஏறிற்று.

நாம் படிப்பிப்பது தமிழ். சுருட்டுக்கு உயிர் கொடுக்கும் வித்தை எந்த இலக்கண நூலிலும் சொல்லப்படவில்லை. ஆகவே இரண்டு பேரிடம் போனோம். ஒருவர் எமது கல்லூரியில் இரசாயனவியல் கற்பிக்கும் நண்பர். மற்றவர் இளமையிலே சுருட்டுக் கொட்டிலில் இருந்து சுருட்டுச் சுற்றியவர். எண்பது வயதைக் கடந்தவர். ஊரார் அனைவருக்கும் அப்பு.

அப்புவிடம் முதலிற் போனதற்குக் காரணம் அவர் வீடு கிட்ட இருந்ததே. அவர் சுருட்டைத் தொடவில்லை. வெடித்த ஒன்றை மாத்திரம் எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். “மேலிலை வேறை, உள்ளிலை வேறை, மாஸ்ரர். மேலிலை பட்டுப்போலை மெல்லிசு. உள்ளிலை தடிப்பு, அமத்தி வைச்சது. ரெண்டும் ஒரே நேரத்திலை தண்ணி குடியாது” என்றார். துவாயின் ஈரம் பட்டதும் மெல்லிய மேலிலை உடனே நனைந்து வலுவிழந்தது. பிறகு ஈரம் உள்ளே சென்று தடித்த உள்ளிலை பருக்கத் தொடங்க, அதைத் தாங்கமாட்டாமல் மேலிலை பிளந்தது. காய்ந்த இலையை நேரே சுற்றவும் முடியாது, நனைந்து ஊறிய இலையையும் சுற்ற முடியாது என்றும், சுற்றுவதற்கு முன் இலையிலே தண்ணீர் தெளித்துச் சாக்கால் மூடிப் பதம் வரும்வரை காத்திருப்பார்கள் என்றும் அவர் சொன்னார். பதம் வந்ததை எப்படி அறிவது என்று கேட்டோம். இலையை உள்ளங்கையில் வைத்துப் பொத்தி விட்டால் சத்தமில்லாமல் மடிந்து, மெதுவாகத் தானே விரியவேண்டுமாம்.

பேச்சு அவ்விடத்திலிருந்து கொட்டில் வாழ்க்கைக்குத் திரும்பிவிட்டது. ஒருவர் பத்திரிகையையோ தொடர்கதையையோ உரத்து வாசிக்க, மற்றவர்கள் சுற்றிக்கொண்டே கேட்டிருப்பார்களாம். கியூபா நாட்டின் தலைநகராகிய ஹவானாவிலும் சுருட்டாலைகளில் இவ்வாறு வாசிப்பதற்கென்றே ஆளமர்த்தும் வழக்கம் 1865 இல் தொடங்கியது. ஒன்றையொன்று அறியாத இரு தீவுகளிலே, கை வேலையாகவும் காது ஓய்வாகவும் இருந்த தொழிலாளர் ஒரே வழியைக் கண்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்கு எழுதும் எமக்கு இதைக் கேட்டபோது உண்டான மகிழ்ச்சியை மறைக்கப் போவதில்லை.

இரசாயன நண்பர் சொன்னது அப்பு சொன்னதன் மறுபாதி. மூடிய பாத்திரத்துக்குள் தண்ணீரை வைத்தால் உள்ளே இருக்கும் காற்று தன்னால் இயன்றளவு நீராவியை ஏற்றுச் சாரீரப்பதன் நூற்றுக்கு 100 ஐ எட்டப் பார்க்கும். அதிலே பூஞ்சணம் பிடியாமல் வேறென்ன செய்யும்? உருளைக்கிழங்குத் தோல், அப்பிள் துண்டு, ஈரப்பாண் என்று பலர் கூறும் கைவைத்தியங்களும் இதே குற்றத்துக்கு உள்ளானவை. பழத்தின் மணமும் அழுகலும் மேலதிகம். தண்ணீரிலே உப்பைக் கரைத்து, இனிக் கரையாது என்னும் நிலைக்குப் பின்னும் கரையாத உப்பு அடியிலே எஞ்சியிருக்குமாறு வைத்தாலோ, உப்பு தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும். அத்தகைய நிரம்பிய கரைசலின் மேலுள்ள காற்று நூற்றுக்கு 75 என்னும் அளவிலே நின்றுவிடும். அதற்குக் கீழே போனால் கரைசல் ஈரம் விடும். மேலே போனால் வாங்கிக்கொள்ளும். வெப்பநிலை சற்று ஏறினாலும் இறங்கினாலும் இவ்வளவு பெரிதும் மாறுவதில்லை. நாம் தினமும் கறிக்குப் போடும் உப்பே இந்த வேலையைச் செய்கிறது என்பதை அன்றுதான் அறிந்தோம்.

ஆனால் 25 இல் கிடந்த சுருட்டை ஒரேயடியாக 75 இற்கு ஏற்றுவதும் ஆபத்தானது என்றார் நண்பர். இடையில் ஒரு படி வேண்டும். பொற்றாசியங் காபனேற்று என்னும் உப்பின் நிரம்பிய கரைசல் நூற்றுக்கு 43 அளவிலே நிற்கும். அவர் அதிலே ஒரு சிறு கிண்ணம் ஆயத்தஞ் செய்து தந்தார். மணமில்லாத பிளாத்திக்குப் பெட்டி ஒன்றை வாங்கி, ஒரு மூலையிலே கிண்ணத்தை வைத்து, மறுபுறம் பனையோலைத் தட்டு ஒன்றின்மேல் சுருட்டுக்களை ஒன்றோடொன்று முட்டாமற் பரப்பினோம். கரைசல் ஒரு துளியும் சுருட்டிற் படலாகாது. மூடுமுன் நண்பர் பதினொன்றையும் ஆய்வுகூடத் தராசில் நிறுத்தார்: 55 கிராம். ஈரம் ஏறுவதைக் கண் அறியாது, தராசு அறியும் என்பது அவர் கட்சி.

நான்கு நாள் அப்படியே இருந்தன. நாளுக்கொரு முறை திறந்து ஒவ்வொன்றையும் கால்வாசி உருட்டி வைத்தோம். அக்கா தினமும் மாலையிலே வந்து பார்ப்பார். பொறுமை அவருக்கு இயல்பன்று. “இன்னும் ரெண்டு கிண்ணம் வைச்சால் கெதியாய் வராதோ?” என்று கேட்டார். கிண்ணம் எத்தனை வைத்தாலும் உப்பு தன் அளவுக்கு மேலே விடாது என்று விளக்கினோம். அது அவருக்குப் பிடிக்கவில்லை. கனடாவிலிருந்து வாங்கி வந்த கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

ஐந்தாம் நாள் கறியுப்புக் கிண்ணத்தை வைத்தோம். இதற்கு நேயர்களுக்கு ஆய்வுகூடம் தேவையில்லை. சிறு கிண்ணத்திலே பாதிக்கு உப்பிட்டு, ஈர மணல்போல ஆகுமளவுக்கு மாத்திரம் தண்ணீர் விட்டாற் போதும். உப்பு முழுவதும் கரைந்துவிட்டால் கணக்குத் தப்பும். இடைப்படியாக வேறு உப்புக் கிடையாதவர்கள், சுருட்டைத் தடித்த கடுதாசியிலே இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, ஓலைப் பெட்டிக்குள் வைத்து, அந்தப் பெட்டியை உப்புக் கிண்ணத்தோடு பெரிய பாத்திரத்துக்குள் வைக்கலாம். கடுதாசியும் ஓலையும் ஈரத்தை முதலில் தாம் உண்டு, பின்பு சிறிது சிறிதாக உள்ளே விடும். அவசரம் இல்லாதவர்கள் ஒரு மாதம் எடுத்துக்கொள்வது உத்தமம். எமக்கு அந்த வசதி இருக்கவில்லை.

ஏழாம் நாள் இரண்டு சுருட்டுக்களின் நுனியிலே மயிர்க்கோடு போன்ற வெடிப்புக் கண்டது. நண்பரும் நாமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மற்ற ஒன்பதையும் உடனே வெளியே எடுத்து, கடுதாசியிற் சுற்றி, ஒரு நாள் வெறும் பெட்டியில் வைத்துவிட்டு மறுநாள் திரும்ப வைத்தோம். மேலிலையில் ஏறிய ஈரம் உள்ளே பரவ அவகாசம் கொடுக்கவேண்டும் என்பது அப்புவின் யோசனை. அதன் பிறகு ஒன்றும் வெடிக்கவில்லை. பதினோராம் நாள் அந்த வெடித்த இரண்டையும் சேர்த்து நிறுத்தபோது 59 கிராம் இருந்தது. காணாமற் போயிருந்த தண்ணீர் நான்கு கிராம். ஒரு தேக்கரண்டி அளவுகூட வராது. அதைத் துவாயிலிருந்து ஓர் இரவிலே கொடுத்தால் அழிவு; கிண்ணத்திலிருந்து ஒரு கிழமையிலே கொடுத்தபோது ஒன்பது பிழைத்தன.

இவ்விடத்தில் பூச்சியைப் பற்றியும் ஒரு சொல். எமது வெப்பத்திலே, ஈரம் ஏறிய புகையிலையில் புகையிலை வண்டின் முட்டை பொரிக்கும். ஊசிமுனைத் துளைகள் தோன்றினால் அதுவே அடையாளம். வைத்துப் பேணக் கருதுபவர்கள் உறையுங் குளிரூட்டியிலே காற்றுப் புகாதவாறு கட்டிச் சில நாள் வைத்தபின் மெதுவாக வெளியே எடுப்பர். எமது சுருட்டுக்களோ பத்துப் பனிக்காலங்களைக் கண்டவை. துளை ஒன்றும் இல்லை.

இனி, சுளித்த முகத்தோடு இதுவரை வாசித்தவர்களுக்குத் தரவேண்டிய கடன். புகையிலை வாயிலும் தொண்டையிலும் புற்றுநோயை உண்டாக்குகிறது என்பதில் ஐயத்துக்கு இடமேயில்லை. எமது நாட்டு ஆண்களிடையே மிகுந்து காணப்படும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்றுநோயும் ஒன்று. சுருட்டுப் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, ஆகவே தீதில்லை என்று எங்கள் பெரியவர்கள் கூறிவந்தது வெறும் ஆறுதலே. வாய் அந்தப் புகையை வாங்கத்தான் செய்கிறது. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் இருபத்தொரு வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் புகையிலைப் பொருள்களை விற்பதைத் தடைசெய்தது. அக்கா எம்மிடம் கேட்டது புகைப்பதற்கு ஒரு சுருட்டு அன்று. தகப்பனாரின் கை பட்ட பொருள்களுள், ஊரிலிருந்து போய் ஊருக்கே திரும்பிவந்த பொருள் அது ஒன்றுதான்.

திவசத்தன்று கிரியைகள் முடிந்து, நண்பகலிலே தலைவாழையிலையிற் சோறுங் கறிகளும் படைத்தார்கள். பெரியப்பாவுக்குப் பிரியமான முருங்கைக்காய்க் கறியும் வாழைக்காய்ப் பொரியலும் இருந்தன. வெற்றிலைத் தட்டின் பக்கத்திலே ஒரு சிரட்டை. சுருட்டைப் பற்றவைக்கும் வேளை வந்ததும் அக்கா அதைத் தம்பியிடம் நீட்டினார். வீட்டுக்குள் புகைக்கலாகாது என்று கட்டளையிட்ட அதே மகனிடம். அவர் பழக்கமில்லாதவர். இரண்டு முறை இழுத்து இருமிக் கண் கலங்கினார். இருமலாற் கலங்கியதோ வேறொன்றாற் கலங்கியதோ நாம் ஆராயவில்லை. மூன்றாம் முறை நெருப்புப் பிடித்தது. மிகவும் காய்ந்த சுருட்டென்றால் பொறி பறந்து விறுவிறுவென்று எரிந்து போயிருக்கும். மிகவும் நனைந்ததென்றால் பற்றியிராது. இது சிரட்டையின் விளிம்பிலே சாய்ந்து, சாம்பல் உதிராமல், இரண்டு விரற்கடை அளவுக்குச் சீராக எரிந்து அணைந்தது.

சாப்பாட்டுக்கு வந்திருந்த அப்பு, படையல் எடுத்தபின் அந்தக் குறைச்சுருட்டைக் கேட்டு வாங்கி மோந்து பார்த்தார். நாம் அவருடைய வாயையே பார்த்திருந்தோம்.

“பதம் வந்திட்டுது, மாஸ்ரர். மணம் வரேல்லை.”

அது உண்மையே. இலையிலே இருந்த எண்ணெய்ப் பொருள்கள் தண்ணீரோடு சேர்ந்து ஆண்டுக்கணக்கிலே காற்றோடு போய்விட்டன; தண்ணீரைத் திருப்பிக் கொடுக்கலாம், அவற்றைக் கொடுக்க உப்புக் கிண்ணத்தால் ஆகாது என்று நண்பர் முன்னரே எச்சரித்திருந்தார். நாம் அதை அக்காவுக்குச் சொல்லாமல் விட்டிருந்தோம். இப்போது அவர் கேட்டுக்கொண்டு நின்றார். அப்புவின் கையிலிருந்து சுருட்டை வாங்கித் தாமும் மோந்து பார்த்து, “அப்பாவின்ரை அலுமாரி மணக்குது” என்றார். அந்துருண்டை மணம் எமக்கும் தெரிந்தது. நாம் ஒன்றும் பேசவில்லை.

எஞ்சிய எட்டில் நான்கை அவர் இறுக்கமான மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் இட்டுக் கொண்டுபோனார். மீண்டும் அந்த நாட்டுப் பனிக்காலத்திலே காயாதிருக்க வேண்டுமே என்று போத்தல் வாயைச் சுற்றி மெழுகும் பூசிக் கொடுத்தோம். மற்ற நான்கும் எமது புத்தக அலுமாரியின் மேல்தட்டிலே, அதேபோன்ற ஒரு போத்தலில் இருக்கின்றன. சென்ற கிழமை நண்பரின் தராசிலே வைத்துப் பார்த்தோம். நிறை குறையவில்லை.